பிளஸ் டூவுக்கு அப்புறம் என்ன படிப்பது? தன் பலத்தை வைத்து முடிவெடுக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இரண்டு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். நான் இயற்பியல் ஆசிரியர். மாணவர்கள் வருவார்கள், கூடவே அம்மாவோ அண்ணனோ தாய்மாமாவோ வருவார்கள். "என்ன எடுக்கலாம் சார்?" என்பதில் பேச்சு தொடங்கும். வருடா வருடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எதில் மார்க் அதிகமோ அதுதானே சார் என் பலம்?

சில நேரம் ஆமாம், பல நேரம் இல்லை. உயிரியலில் 98 வாங்கிய ஒரு மாணவி வந்தாள். வீட்டில் எல்லாரும் நர்சிங் என்று முடிவு செய்திருந்தார்கள். "பரீட்சை முடிந்த பிறகு உயிரியலைப் பற்றி ஒரு நாளாவது யோசித்தாயா?" என்று கேட்டேன். "இல்ல சார், மனப்பாடம் பண்ணினேன், எழுதினேன்" என்றாள். அதே பெண்தான் எங்கள் என்.எஸ்.எஸ். முகாமில் ஏழு நாளும் ஐம்பது பேருக்கான சாப்பாடு, பஸ், மருந்துப் பெட்டி, கணக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவள். ராத்திரி பதினொரு மணிக்கு, யாரும் சொல்லாமலே, மறுநாள் யார் யாருக்கு என்ன வேலை என்று பட்டியல் போட்டுக்கொண்டிருப்பாள். மார்க் ஷீட்டில் இதற்கு இடம் இல்லை. கடைசியில் அவள் மருத்துவமனை நிர்வாகம் படித்தாள். வீட்டார் விரும்பிய மருத்துவமனையும் அதில் இருந்தது, அவள் பலமும் இருந்தது.

எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பதை மார்க் முடிவு செய்கிறது. அதை லேசாக நினைக்க வேண்டாம். ஆனால் ஞாபகசக்தி, நடத்திய ஆசிரியர், எத்தனை முறை எழுதிப் பார்த்தீர்கள் என்பதெல்லாம் ஒன்றாகக் கலந்துதான் அந்த எண் வருகிறது. உங்களுக்கு எந்த வேலை தானாக வருகிறது என்று அதைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

எனக்கு எந்தப் பலமும் இல்லையே சார்?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. கேட்கிறபோதெல்லாம் மனது கஷ்டப்படும்.

நமக்குச் சுலபமாக வருவது நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. வீட்டு மோட்டார் ஓடாவிட்டால் பிரித்து, சுத்தம் செய்து, திரும்ப மாட்டி ஓட விடுகிற பையன் "அது சும்மா சார்" என்பான். தம்பிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் தினமும் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு அது ஒரு திறமை என்றே தோன்றாது. சொந்தக்காரர் கல்யாணம் என்றால் மொய் எழுத உன்னைத்தான் உட்கார வைக்கிறார்களா? எழுத்து தெளிவு, கணக்கில் பிசகு இல்லை, கையில் பணம் இருந்தாலும் நம்பலாம் என்று பத்துப் பேர் முடிவு செய்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். இப்படி யாரும் சான்றிதழ் கொடுக்காத இடத்தில்தான் தேட வேண்டும்: வீட்டு வேலை, லீவில் போன கடை, கோயில் திருவிழா, ஆண்டு விழா மேடைக்குப் பின்பக்கம்.

இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் படுக்கப் போகும் முன் மூன்று விஷயம் எழுதினால் போதும். இன்று யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது என்ன? எதைச் செய்தபோது நேரம் போனதே தெரியவில்லை? யார் என்னிடம் என்ன உதவி கேட்டார்கள்? முதல் நாலு நாள் ஒன்றும் வராது, "போன் பார்த்தேன்" என்றுதான் வரும். பரவாயில்லை, அதையும் எழுதுங்கள், போனில் எதைப் பார்த்தீர்கள் என்பதோடு. இரண்டாவது வாரம் ஒரே மாதிரி வரிகள் திரும்ப வரத் தொடங்கும்.

அப்புறம் ஐந்து பேரிடம் கேளுங்கள். அம்மா அப்பா மட்டும் வேண்டாம். தங்கை, விளையாட்டுக் கூட்டாளி, லீவில் வேலை பார்த்த கடைக்காரர், ட்யூஷன் அக்கா என்று வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். "நான் எப்படி?" என்று கேட்டால் "நல்ல பையன்" என்பார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. "எந்த வேலை வந்தால் என்னைக் கூப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள். ஐந்தில் மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னால், நீங்கள் நம்பாவிட்டாலும் அதை எழுதி வையுங்கள்.

பிடித்தது வேறு, பலம் வேறா?

வேறுதான். கிரிக்கெட் பார்ப்பது பிடிக்கும், அது பலம் ஆகாது. ஆட்டம் முடிந்ததும் ஓவர் ஓவராகக் கணக்குப் போட்டு, எங்கே தோற்றோம் என்று நண்பர்களுக்கு விளக்குகிறீர்களா? அந்தக் கணக்கும் விளக்கமும் பலம். நன்றாக வந்தாலும் செய்து முடித்ததும் களைத்துப் போகிற வேலைகளும் உண்டு. அவற்றைப் படிப்பாக எடுத்தால் சமாளித்துவிடலாம். வாழ்க்கை முழுக்க அதையே செய்வதற்கு முன் மட்டும் யோசியுங்கள்.

பலம் தெரிந்துவிட்டது. அதிலிருந்து கோர்ஸுக்கு எப்படிப் போவது?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். "நல்லாப் பேசுவான், அதனால் வக்கீல்", "கம்ப்யூட்டர் நல்லாப் பார்ப்பான், அதனால் கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்று ஒரே தாவலில் போய்விடுகிறோம். நடுவே ஒரு படி இருக்கிறது. அந்த வேலையில் இருப்பவர் காலையிலிருந்து மாலை வரை உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும்.

வக்கீலை எடுத்துக்கொள்வோம். நீதிமன்றத்தில் எழுந்து பேசுவது அவர் நாளில் ஒரு சின்னப் பகுதி. மீதி நேரம் பத்திரங்களைப் படிப்பது, பழைய தீர்ப்புகளைத் தேடுவது, மனு எழுதுவது, வழக்கு கூப்பிடும்வரை காத்திருப்பது, கட்சிக்காரர் அழுதுகொண்டே சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது. மேடையில் பேசப் பிடிக்கும், ஆனால் பத்துப் பக்கம் படித்தால் தூக்கம் வரும் என்றால் சட்டம் கஷ்டம். பேசவே கூச்சப்படுகிற, ஆனால் ஒரு ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து ஓட்டை கண்டுபிடிக்கிற பெண் அங்கே நன்றாக வருவாள். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மார்க்கை வைத்தே இடம். திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

கம்ப்யூட்டர் சயின்ஸும் அப்படித்தான். போனை வேகமாகப் பயன்படுத்துவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அடுத்தவர் எழுதிய கோடிங்கைப் படித்து, ஏன் ஓடவில்லை என்று மூன்று மணி நேரம் தேடி, ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும்போது சந்தோஷப்படுகிற மனது வேண்டும். சுடோகு போடுகிறவர்கள், ஒரு கணக்கை இரண்டாவது வழியிலும் போட்டுப் பார்க்கிறவர்கள், தையல் பிரிந்தால் எந்த நூலில் தொடங்கியது என்று தேடுகிறவர்களிடம் இந்த மனது இருக்கும். தையலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதனால் உங்கள் பலத்தை ஒரு பாடத்தின் பெயராக எழுதாமல் வினைச்சொல்லாக எழுதிப் பாருங்கள்: பிரித்துப் பார்ப்பது, விளக்குவது, ஒழுங்குபடுத்துவது, பேரம் பேசுவது, வரைவது, கவனித்துக்கொள்வது, வளர்ப்பது. பிறகு நீங்கள் நினைக்கிற வேலையில் இருக்கும் ஒருவரைத் தேடிப் போய், "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "இந்த வேலை எப்படி?" என்று கேட்டால் அறிவுரை வரும். செவ்வாய்க்கிழமையைக் கேட்டால் வேலை தெரியும். அவர் சொல்வதில் உங்கள் வினைச்சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பக்கத்திலேயே இருப்பதும் கண்ணில் படாது. சிவகாசிப் பையனுக்கு மெஷின், மை, காகிதம் எல்லாம் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆனால் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் அச்சுத் தொழில்நுட்பம் என்று ஒரு பொறியியல் படிப்பு இருப்பது அவனுக்குத் தெரியாது. அதே வளாகத்தில் தோல் தொழில்நுட்பம் இருக்கிறது, ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளுக்கு அந்தத் தொழில் வீட்டு வாசலில். கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு மீன்வளப் படிப்பு இருக்கிறது. தூத்துக்குடியில் கல்லூரி 1977-லேயே வந்துவிட்டது, நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் 2012-ல் வந்தது. அப்பா தொழிலையே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மற்றவர்கள் நான்கு வருடம் படித்தும் பிடிபடாத ஒன்று உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கலாம், அதையும் கணக்கில் சேருங்கள் என்கிறேன்.

என் கட்-ஆஃப் 195. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்காவிட்டால் மார்க் வீண் இல்லையா?

தெரியாதவர்களுக்காக: பி.இ. கலந்தாய்வுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிடுவார்கள். இதில் 195 என்றால் உழைப்பு, பாராட்ட வேண்டியது.

ஆனால் "இவ்வளவு மார்க்குக்கு இந்தப் பிரிவு" என்று விலைப்பட்டியல் மாதிரி பார்க்க வேண்டாம். சில வருடம் முன் நானே இந்தத் தவறைச் செய்தேன். பாலம், அணை என்றால் கண் விரிகிற ஒரு பையனிடம், "இந்த மார்க்குக்கு சிவிலா? கம்ப்யூட்டர் எடுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்றாம் வருடம் வந்தான். "பாஸ் ஆகிறேன் சார், ஆனால் காலையில் எழுந்தால் போகவே தோன்றவில்லை" என்றான். அவன் முகம் இன்னும் மனதில் இருக்கிறது. அதற்குப் பிறகு யாருக்கும் நான் மார்க்கைப் பார்த்துப் பிரிவு சொல்வதில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் உங்களுக்குப் பொருந்தினால் தாராளமாக எடுங்கள், நல்ல படிப்பு. எல்லாரும் எடுக்கிறார்களே என்ற பயம் மட்டுமே காரணம் என்றால், இன்னொரு வாரம் யோசியுங்கள்.

கட்-ஆஃப் குறைவு. பலம் இருந்து என்ன செய்ய?

மார்க் குறைந்தவர்களுக்குத்தான் பலத்தைப் பார்ப்பது இன்னும் அவசியம் என்பேன். முன் சொன்ன மோட்டார் பையன் மாதிரி ஆட்களுக்குப் பாலிடெக்னிக் ஒரு நேர்வழி. அறிவியல் குரூப்போ தொழிற்கல்விக் குரூப்போ படித்தவர்கள் பிளஸ் டூவுக்குப் பிறகு டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்து பி.இ.-யிலும் நேரடி இரண்டாம் ஆண்டு உண்டு. கையால் கற்றுக்கொண்டவன் பிறகு சூத்திரத்தைப் படிக்கும்போது, "ஓ, இதுக்குத்தானா இது" என்று புரிந்து படிப்பான்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்புக்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. பிளஸ் டூ தேர்ச்சியோடு, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். நான்கு வாரப் பாடம் நடத்தி அதில் தகுதித் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். சுலபம் என்று நினைக்க வேண்டாம், கணிதத்தோடு மல்லுக்கட்டத் தயாராக இருக்க வேண்டும்.

காமர்ஸ் குரூப். எனக்கு பி.காம். மட்டும்தானா?

இல்லை. மொய் நோட்டு ஆள் நீங்கள் என்றால் ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. பற்றி விசாரியுங்கள். பிளஸ் டூ முடித்ததுமே ஃபவுண்டேஷன் எழுதலாம், பிறகு இன்டர்மீடியட், பிறகு ஃபைனல். நடுவே ஆடிட்டரிடம் இரண்டு வருடப் பயிற்சி. ஒரே தடவையில் எல்லாரும் பாஸ் ஆகிற பரீட்சை இல்லை, விழுந்து எழுகிற மனசு வேண்டும். பேரம் பேசுவது, ஆட்களைச் சேர்த்து வேலை வாங்குவது பலம் என்றால் பி.பி.ஏ. பாருங்கள். சட்டத்துக்கும் எந்தக் குரூப்பும் தடையில்லை.

"என் பையன் எப்பப் பார்த்தாலும் படம் வரைகிறான் சார். இது சோறு போடுமா?"

ஓர் அம்மா கேட்டது. அவர் கவலை நியாயமானது, அதைச் சின்னதாக்க மாட்டேன்.

நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். சில பிள்ளைகள் பார்த்ததை அப்படியே வரைவார்கள். சிலர் இல்லாததை வரைவார்கள்: புது மாதிரி வண்டி, புது மாதிரி செருப்பு. சிலர் எழுத்தையே விதவிதமாக எழுதுவார்கள். மூன்றும் வேறு வேறு வழி. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. கும்பகோணத்திலும் அரசுக் கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. கல், உலோகம், மரம் என்று கை போகிறவர்களுக்கு மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி உண்டு. பொருள்களை வடிவமைக்க ஆசை என்றால் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (NID) நுழைவுத் தேர்வு, துணி என்றால் தரமணியில் நிஃப்ட் என்ற ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம், கட்டடம் என்றால் நாட்டா நுழைவுத் தேர்வு எழுதி ஐந்தாண்டு பி.ஆர்க். நிஃப்ட்டில் கட்டணம் அதிகம், அதை முதலிலேயே வீட்டில் பேசிவிடுங்கள்.

அந்தப் பையன் நோட்டில் முக்கால்வாசி செருப்பும் பையும்தான் இருந்தன. தோல் பொருள் வடிவமைப்பு என்று ஒரு படிப்பு நிஃப்ட்டில் இருக்கிறது என்று சொன்னதும் அந்த அம்மா நோட்டை வாங்கி முதல் தடவையாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

ஆன்லைன் தேர்வுகள், கைரேகைப் பரிசோதனை இதையெல்லாம் நம்பலாமா?

கைரேகை வேண்டவே வேண்டாம். விரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளையின் மூளைத்திறனையும் படிப்பையும் சொல்கிறோம் என்று பல ஆயிரம் வாங்குகிறார்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. அந்தப் பணத்தில் நாலைந்து கல்லூரிகளை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் தேர்வுகள் வேறு வகை. கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004-ல் வெளியிட்ட 24 குணபலங்களை வைத்து வி.ஐ.ஏ. என்ற தேர்வு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜான் ஹாலண்ட் சொன்ன ஆறு வகை ஆர்வங்களை வைத்தும் இலவசத் தேர்வுகள் உண்டு. கேலப் நிறுவனத்தின் 34 பலங்கள் கொண்ட தேர்வு காசுக்கு. இவை உங்களைப் பற்றிப் பேச நல்ல வார்த்தைகளைத் தரும். ஆனால் நீங்கள் சொன்ன பதிலைத்தான் அடுக்கித் திருப்பித் தருகின்றன. நோட்டில் எழுதியதும், ஐந்து பேர் சொன்னதும், தேர்வில் வந்ததும் ஒத்துப்போனால் நம்புங்கள். முரண்பட்டால் நோட்டை நம்புங்கள்.

இங்கிலீஷ் வராது. எந்தப் பலம் இருந்தும் பிரயோஜனம் இல்லையே?

தமிழ் மீடியத்தில் படித்தது பலவீனம் ஆகாது, பழக்கம் போதவில்லை, அவ்வளவுதான். முதல் இரண்டு செமஸ்டர் திணறும். வகுப்பில் புரியாத சொல்லை எழுதி வைத்து அன்றைக்கே தமிழில் அர்த்தம் பார்க்கிற பிள்ளைகள் இரண்டாம் வருடத்தில் சரியாகிவிடுவதை நான் வருடா வருடம் பார்க்கிறேன். ஆங்கிலத்துக்குப் பயந்து பொருந்தாத படிப்பை எடுக்காதீர்கள். நான்கு வருடத்தில் ஆங்கிலம் வந்துவிடும், படிப்பு மட்டும் பொருந்தாமலே இருக்கும்.

வீட்டில் பணம் இல்லை. அப்பா உடனே சம்பாதிக்கிற படிப்பு என்கிறார்.

அப்பாவோடு சண்டை போடாதே, அவர் பயம் உண்மையானது. முதலில் செலவைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் யாரும் டிகிரி படிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கு, தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. மாணவிகளுக்கு 2022-ல் புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1000 ரூபாய்த் திட்டங்கள் தொடங்கின. உனக்குத் தகுதி இருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேள்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அப்பா முன்னால் வை. கூடவே, நீ கேட்கிற படிப்பு முடித்து என்ன வேலைக்குப் போகலாம் என்று மூன்று வேலையை எழுது. முடிந்தால் அந்த வேலையில் இருக்கும் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வா. அவரிடம் அப்பாவே நேரில் பேசட்டும். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் பேச்சு மாறியிருக்கிறது.

ஏ.ஐ. வந்து எல்லா வேலையும் போய்விடும் என்கிறார்களே?

வேலைகள் மாறும். எது போகும், எது நிற்கும் என்று பட்டியல் தருகிறவர்களை நம்பி நான்கு வருடப் படிப்பை முடிவு செய்யாதீர்கள். உங்கள் வினைச்சொல்லை ஒரு வேலையோடு மட்டும் கட்டிப்போடாமல், இரண்டு மூன்று வேலைகளில் பயன்படும்படி வளர்த்துக்கொள்ளுங்கள்.

தப்பான படிப்பில் சேர்ந்துவிட்டேன். இரண்டாம் வருடம். இப்போது?

முதலில், இது உலகம் முடிகிற விஷயம் இல்லை. கஷ்டமாக இருக்கிறதா, பொருந்தவில்லையா என்று பிரித்துப் பார். கணிதம் அரியர் விழுந்தது கஷ்டம், உழைத்தால் தீரும். பாஸ் ஆகியும் ஒரு பாடம்கூட மனதைத் தொடவில்லை என்றால் பொருந்தவில்லை.

பொருந்தாவிட்டாலும் பெரும்பாலும் முடித்துவிடு என்றுதான் சொல்வேன். ஒரு டிகிரி இருந்தால் டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, எம்.பி.ஏ., மூன்றாண்டுச் சட்டப் படிப்பு எல்லாம் திறந்திருக்கும். அதே துறைக்குள்ளும் உனக்கான மூலை இருக்கலாம். மெக்கானிக்கல் படித்து, மெஷினை விட மனிதர்களிடம் விளக்குவதில் ஆர்வம் இருந்த ஒரு மாணவன் இப்போது ஒரு தொழிற்சாலையில் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான், நிம்மதியாக இருக்கிறான்.

ஆனால் தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், இருக்கவே பிடிக்கவில்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டால் படிப்பை ஓரமாக வை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கோ 104-க்கோ கூப்பிடு, தமிழில் பேசலாம். வீட்டிலும் சொல். ஒரு வருடம் போனால் போகட்டும்.

சாய்ஸ் ஃபில்லிங்குக்கு எப்படித் தயாராவது?

பொறியியல் கலந்தாய்வில் கல்லூரியையும் பிரிவையும் சேர்த்து எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வரிசைதான் முக்கியம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு அந்த வரிசையைப் போடாதீர்கள். முந்தின வாரமே வீட்டில் தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உங்கள் வினைச்சொல் அந்தப் பிரிவில் எங்கே வருகிறது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். எழுத முடியாத வரிகள் கீழே போகட்டும்.

பிரிவு முதலா, கல்லூரி முதலா என்று கேட்பீர்கள். கல்லூரி மிக மோசமாக இல்லாதவரை பிரிவு முதல் என்பது என் கருத்து. உங்கள் பட்டியலில் மேலே இருக்கும் பத்துக் கல்லூரிகளில் முடிந்தவற்றுக்கு நேரில் போங்கள். வாசலில் இருக்கும் பேனரைப் பார்க்காமல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரை கேன்டீனில் பிடித்து, லேப் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், மெஷின் எல்லாம் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஒதுக்கீடு வந்த பிறகு, கிடைத்ததை ஏற்றுக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கவும் வழி உண்டு. அதற்குக் கடைசி நாள் குறுகியது. போனில் வரும் குறுஞ்செய்தியை அம்மா அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.